மணற்கரை மாமா பதில்கள்

இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் ஒரே குரல்தான். "படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க, பார்க்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க, பிள்ளைகளோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கணும்." நம் பாசிர் ரிஸ் பெயரில் இருக்கும் 'பாசிர்' என்றால் மலாய் மொழியில் மணல். மணலில் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்பது நம்மவர்களுக்குப் பழக்கமான காரியம். உட்காருங்கள், ஆரம்பிக்கலாம்.

பாசிர் ரிஸ் டிரைவ் 6, ஓர் அப்பா: மனசுக்குத் தெம்பு தரும் புதுக் கதைகள் எங்கே கிடைக்கும், மாமா?

ஒயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதி, நான்காம் மாடி, பாசிர் ரிஸ் பொது நூலகம். எம்ஆர்டியிலிருந்து கூப்பிடு தூரம். அதே கட்டடத்துக்குக் காய்கறி வாங்க வாரம் மூன்று முறை போகிறவர்கள், மின்தூக்கியில் 4 என்ற பொத்தானை மட்டும் தொடுவதில்லை. ஊரில் கதைப் பஞ்சம் இல்லை ஐயா, விரல் பஞ்சம்!

அதே அப்பா: ஒரு தடவைக்கு எத்தனை நூல் தருவார்கள்?

ஆளுக்கு 16. தவணை 21 நாள். வீட்டில் நான்கு பேர் என்றால் 64. பை கொண்டுபோங்கள்.

இலாயஸ் சாலை, ஒரு கல்லூரி மாணவர்: ஊக்கம் தரும் கதைக்கும் தன்முன்னேற்ற நூலுக்கும் என்ன வித்தியாசம்?

தன்முன்னேற்ற நூல் "எழுந்து நில்" என்று சொல்லும். நல்ல கதை எதையும் சொல்லாது. படித்து முடிக்கும்போது நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 51, ஒரு தாதி: இரவு வேலை. நேரம் கம்மி. ஒரே ஒரு நூலைச் சொல்லுங்கள்.

ஜெயமோகனின் 'அறம்'. 2011-இல் வந்த கதைகள். எல்லாம் உண்மையில் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதியவை. அதில் 'சோற்றுக்கணக்கு' என்றொரு கதை. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கெத்தேல் சாகிப், சாப்பிட்டவனிடம் காசு கேட்கமாட்டார். ஓர் உண்டியல் இருக்கும். போட்டால் போடு, போடாவிட்டால் போ. பசித்த மாணவன் ஒருவன் அங்கே ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறான். கடைசியில் கணக்குத் தீர்க்க வருகிறான். தீர்ந்ததா என்பதைக் கதையில் படியுங்கள்.

அடுத்து 'யானை டாக்டர்'. சுற்றுலா வந்தவர்கள் காட்டில் வீசிய பீர்ப் புட்டி உடைந்து யானைக்காலில் ஏறும். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற வனமருத்துவரைப் பற்றிய கதை. இதைக் கேட்ட பிள்ளை பாசிர் ரிஸ் பூங்காவில் ஒரு புட்டியைக்கூடத் தரையில் போடாது. என்னிடம் கேட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரவு வேலைக்கு ஓர் எச்சரிக்கை: இடைவேளையில் படிக்காதீர்கள். கண் சிவந்து திரும்பினால் நோயாளி பயந்துபோவார்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 12, ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் மு.வ. இருந்தார். இப்போது அவரை யார் படிக்கிறார்கள்?

நீங்கள் படித்துக்காட்டினால் பேரப்பிள்ளைகள். 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இரண்டு நண்பர்கள். ஒருவன் பளீரென்று எரிந்து அணைகிறான், மற்றவன் அடங்கிய சுடராகக் கடைசிவரை நிற்கிறான். வகுப்பில் எப்போதும் இரண்டாவதாக வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

மு.வ.வோடு நா. பார்த்தசாரதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய 'குறிஞ்சி மலர்' வந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதன் நாயகன், நாயகி போல அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த குடும்பங்கள் ஏராளம். அது தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். ஒரு நாவல் எங்கெல்லாம் போய் நிற்கிறது பாருங்கள்!

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 71, ஓர் இல்லத்தரசி: படிப்பு அதிகமில்லை. கதை எழுத ஆசை. சிரிப்பார்களா?

வை.மு. கோதைநாயகிக்கு 5 வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. எழுதக் கை வராத காலத்தில் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுத, 'இந்திர மோகனா' உருவானது. அதன்பிறகு 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையே நடத்தினார். எழுதிய நாவல்கள் நூறைத் தாண்டின.

சிரிப்பவர் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. உங்களுக்குத் தேவை ஒரு பட்டம்மாள். கைப்பேசியில் குரல் பதிவு இருக்கிறது, அவள்தான் பட்டம்மாள். இன்றே பேசுங்கள்.

தெம்பனிஸ், ஓர் ஆசிரியை: சென்னையிலிருந்து வரும் கதைகளையே சொல்கிறீர்கள். நம் ஊரில் எழுதவே இல்லையா?

வாங்க, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1887-இல் இங்கே 'சிங்கை நேசன்' என்ற வார இதழை நடத்தியவர் மகதூம் சாயபு. அடுத்த ஆண்டே அதில் 'வினோத சம்பாஷணை' வெளிவந்தது. இவ்வட்டாரத்தின் முதல் தமிழ்க் கதை முயற்சி என்று ஆய்வாளர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். சம்பாஷணை என்றால் உரையாடல். இரண்டு பேர் பேசிக்கொண்டதில் பிறந்தது இந்த ஊர்த் தமிழ்க்கதை.

1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். அதன் மாணவர் மணிமன்றத்தில் பெயர் பார்த்துத் துள்ளிய பிள்ளைகள் பிற்காலத்தில் எழுத்தாளர்களானார்கள். இராம. கண்ணபிரான், மா. இளங்கண்ணன், புதுமைதாசன் என்கிற பி. கிருஷ்ணன், ஜே.எம். சாலி ஆகிய நால்வரும் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். அடுத்த தலைமுறையில் லதா, ஜெயந்தி சங்கர், கமலாதேவி அரவிந்தன், ஷாநவாஸ், சித்துராஜ் பொன்ராஜ் என்று வரிசை நீள்கிறது.

ஒரு வகுப்பில் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், டீச்சர். எத்தனை கை உயர்கிறது என்று எனக்கு எழுதுங்கள். குறைந்திருந்தால் பிள்ளைகள்மேல் பழிபோட மாட்டேன். வீட்டில் ஒருவராவது உச்சரித்திருந்தால்தானே காதில் விழும்?

லோயாங், ஒரு வாகனமோட்டி: உள்ளூர்க் கதை என்றாலே அழுகை என்கிறார்களே?

யார் சொன்னது? 1960களின் கடைசியில் வீடமைப்புக் கழக அடுக்குமாடிக்குக் குடிபோன தமிழ்க் குடும்பங்களின் கூத்தை புதுமைதாசன் வானொலி நாடகமாக்கினார். 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. கம்பத்தில் வாசலில் நின்று சண்டை போட்டவர்கள் மாடியில் சுவர் வழியாகச் சண்டை போடக் கற்ற காலம். ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தது. நூலாகவும் வந்திருக்கிறது. குடும்பப் பொழுதுபோக்குக்கு இந்த ஊர் கொடுத்த முதல் மரியாதை அதுதான் என்பது என் தீர்ப்பு.

பாசிர் ரிஸ் டிரைவ் 3, ஒரு தேசிய சேவையாளர்: சண்டை, சரித்திரம் உள்ள சிங்கப்பூர் நாவல்?

மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்'. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துத் தமிழர் வாழ்க்கை. வரலாற்றுப் பாடத்தில் அரைப் பக்கம் வரும் பசியை இந்த நாவலில் முழுதாக உணரலாம். முகாமுக்கு எடுத்துப்போங்கள். சமையல்கூடச் சாப்பாட்டைக் குறைசொல்வது அன்றோடு நிற்கும்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 21, ஓர் அம்மா: பையனுக்கு ஆங்கிலம்தான் ஓடுகிறது. தமிழ் நூலைக் கண்டாலே முகம் சுருங்குகிறது.

ஆங்கிலத்திலேயே தொடங்கட்டும். 'வைகறைப் பூக்கள்' ஆங்கிலத்தில் உண்டு. லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' 2008-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கியது, அந்தக் கதைகளும் ஆங்கிலத்தில் வந்தன. பெரிய பையனுக்குத்தான் அது. 'அறம்' தொகுப்புக்கும் பிரியம்வதா ராம்குமாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

கதை பிடித்துவிட்டால் ஒரே ஓர் அத்தியாயத்தைத் தமிழில் நீங்கள் வாசியுங்கள். முடிவு முன்பே தெரிந்த கதையில் மொழி பயமுறுத்தாது. நீச்சல் பழக்குகிறவர் முதல் நாளே ஆழத்தில் தள்ளுவதில்லை.

அதே அம்மா: இதெல்லாம் பிஎஸ்எல்இ-க்கு உதவுமா?

'டோட்டோ-சான்' என்றொரு ஜப்பானிய நூல், தமிழிலும் உண்டு. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியை, புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் முதல் நாளே நான்கு மணிநேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சிறுமியே வளர்ந்து எழுதிய உலகப் புகழ்பெற்ற நூல் அது. உங்கள் பையன் பேசுவதைக் கடைசியாக நான்கு நிமிடம் கேட்டது எப்போது? தேர்வு பிறகு வரட்டும்.

பாசிர் ரிஸ் டிரைவ் 1, இளம் தாய்: சிறுவர்களுக்குப் புதிதாகத் தமிழில் என்ன இருக்கிறது? இன்னமும் காக்கா, நரிதானா?

காக்காவை விடுங்கள், பாவம், வடை போனதே போதும். சாகித்திய அகாதெமி சிறுவர் நூலுக்கென்று தரும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பிடியுங்கள். 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தன் உடம்பைத் தொடக் கூடாத முறையில் தொடுகிறவரை எப்படி எதிர்கொள்வது என்பதை ஒரு பொம்மை சொல்லித்தருகிறது. பெற்றோர் வாய் திறக்கத் தயங்கும் விஷயம். பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் படியுங்கள், பிறகு சேர்ந்து படியுங்கள். எல்லா வீட்டிலும் இருக்கவேண்டிய நூல்.

2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடிக்குக் கூட்டிப்போகும். 2024-இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. நான்கு நூல், நான்கு வேறு உலகம். நரி ஓய்வெடுக்கட்டும்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 52, ஒரு தாத்தா: எனக்கு இரும்புக்கை மாயாவிதான் ஊக்கம். தப்பா?

தப்பே இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே வந்த ஆளாயிற்றே! 1947-இல் பிறந்த அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தனும் அப்படித்தான். வேதாளம் எத்தனை முறை முருங்கை மரம் ஏறினாலும் அவன் சலிக்காமல் திரும்பிப் போனான். விடாமுயற்சிக்கு இன்னொரு பாடம் எதற்கு? பேரனை மடியில் உட்காரவைத்து அந்தக் கதைகளைச் சொல்லுங்கள். மாயாவி மின்சாரம் தொட்டு மறைவதை மட்டும் வீட்டில் செய்து பார்க்கவேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சீமெய், ஒரு கணக்காளர்: குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்க ஒரு நூல்?

பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகள். ஜ.ரா. சுந்தரேசன் தன் அம்மா பாக்கியத்தையும் அப்பா ராமசாமியையும் சேர்த்துப் புனைபெயராக வைத்துக்கொண்டார். பெற்றோரை ஆயுள் முழுக்க அட்டையில் சுமந்த பிள்ளை! மாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கவேண்டும். தனியாகப் படித்தால் பாதிச் சிரிப்பு வீண்.

பொங்கோல், ஒரு மருமகள்: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். வாசகர்களும் வாராவாரம்தான் படித்தார்கள். ஐந்து பாகத்தையும் அடுக்கிவைத்துப் பயப்படும் வசதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்களும் வாரம் சில அத்தியாயம் போங்கள். ஒரே நாளில் கடாரம் கொண்டான் என்று யாரும் மெய்க்கீர்த்தி பாடவில்லை.

பாசிர் ரிஸ் டிரைவ் 4, ஒரு நூலகப் பிரியை: படிக்க நேரமே இல்லை, மாமா.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகிறீர்கள்தானே? பாசிர் ரிஸில் ஏறி, தெம்பனிஸில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், அங்கிருந்து லிட்டில் இந்தியா 20-ஆவது நிலையம். அந்தத் தூரத்தில் ஒரு சிறுகதை தாராளமாக முடியும். திரும்பி வரும்போது இன்னொன்று. மல்லிகைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கப் போய் வருடத்துக்கு நூறு கதை! நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். இருக்கை இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

துவாஸ், கட்டுமான ஊழியர்: ஊரில் எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். எனக்கு ஏற்ற எழுத்து இருக்கிறதா, ஐயா?

தம்பி, கி. ராஜநாராயணனும் எட்டாவதைத் தாண்டவில்லை. இடைசெவல் கிராமத்து விவசாயி. கரிசல் காட்டுச் சனங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக உட்காரவைத்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது.

அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று பக்கம்தான். விடுதியில் படுக்குமுன் ஒருவர் சத்தமாக வாசித்தால் அறையே கேட்கும். உங்கள் பாட்டி சொன்ன கதை ஏதாவது நினைவிருந்தால் எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 11, ஓர் அப்பா: மகன் கைப்பேசியை விடுவதே இல்லை.

கையிலிருந்து பிடுங்காதீர்கள், உள்ளே இருப்பதை மாற்றுங்கள். தேசிய நூலக வாரியத்தின் செயலியில் மின்னூல் இரவல் வாங்கலாம். 1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350-ஐ மின்மயமாக்கி, பொன்விழா ஆண்டில் நாட்டுக்குக் கொடுத்தார்கள். தொண்டூழியர்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து செய்த வேலை அது. அவன் பையிலேயே நூலகம் இருக்கிறது. உங்கள் பையிலும்தான். நீங்கள் முதலில் திறங்கள்.

அதே அப்பா: கணினியில் தமிழ் ஒட்டுமா என்று சந்தேகமாகவே இருக்கிறது.

சந்தேகப்பட நம் ஊருக்கு உரிமை இல்லை! இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடி நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். 1995-இல் இங்கிருந்துதான் தமிழ் இணையம் ஏறியது. 'கணியன்' விசைப்பலகை அவர் செய்தது. 'சிங்கை நேசன்' காலத்துக் கதையை ஆராய்ந்து சொன்னவரும் அவரே, கதாசிரியரும் அவரே. 1999-இல் 53 வயதில் போய்விட்டார். அவர் வாழ்க்கையே எழுதப்படவேண்டிய ஒரு நாவல். எழுத ஆள் வேண்டும்.

பாசிர் ரிஸ் டிரைவ் 10, ஓர் அம்மா: 'யு' சான்றிதழ் படம் என்று நம்பிப் போனோம். பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டே பார்த்தது.

இந்தியச் சான்றிதழ் வேறு, இங்கே தரம் பிரிப்பது வேறு. நம் ஊரில் ஜி என்றால் எல்லாரும் பார்க்கலாம். பிஜி என்றால் பெற்றோர் துணை வேண்டும். பிஜி13 என்றால் 13 வயதுக்கு மேல் நல்லது என்ற அறிவுரை. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் கறார், வயது குறைந்தால் உள்ளே விடமாட்டார்கள். இந்தியாவிலும் 2024 முதல் யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள்.

நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் அந்த இரண்டு எழுத்தைப் பார்க்க இரண்டு விநாடி. நாயகன் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அதே அம்மா: அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

'காக்கா முட்டை'. பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு சேரிப் பையன்கள். சிறந்த சிறுவர் படத்துக்கான இந்தியத் தேசிய விருது. 'கடைசி விவசாயி', மெதுவாகப் போகும், பொறுமையாகப் பாருங்கள். 'மெய்யழகன்' பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு ஒரு போன் போடுங்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் பேசாத அண்டைவீட்டாரைப் பேசவைக்கும் படம். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நாம் கைப்பேசியைக் குடைகிறோமே, நமக்குப் பொருந்தும்.

செங்காங், புதுமணத் தம்பதி: வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். எங்களுக்கு ஒரு படம்?

'3பிஎச்கே'. 2025-இல் வந்தது. சொந்த வீட்டுக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் அல்லாடுகிறது. அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையிலிருந்து எடுத்த படம். பாருங்கள், திரையில் ஓடுவதும் முதலில் தாளில்தான் இருந்தது. சாவி கைக்கு வந்ததும் புத்தக அலமாரிக்கு ஒரு சுவரை ஒதுக்குங்கள். தொலைக்காட்சிக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும்.

பிடோக், ஒரு சினிமாப் பைத்தியம்: சிங்கப்பூர்த் தமிழ்ப் படம் எதுவும் உலகத் தரத்தில் உண்டா?

எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்'. 2008-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம். பேசும் மொழி தமிழ்! குடியில் விழுந்த வித்தைக்காரத் தந்தை, மகனுக்காக மறுபடி மேடையேறுகிறார். நடித்த போஸ்கோ பிரான்சிஸ் நிஜமாகவே வித்தை காட்டுகிறவர். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், சில காட்சிகள் தாங்காது. வளர்ந்த மகனோடு ஒரு தந்தை பார்க்கவேண்டும். முடிந்தபின் இருவரும் சற்றுநேரம் பேசமாட்டீர்கள்.

பாசிர் ரிஸ் டிரைவ் 6, ஒரு மாமியார்: தொடர் பார்ப்பதைக் குறைசொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது.

பாருங்கள், தாராளமாக. எட்டு மாதமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சதித்திட்டம் போடும் நாயகியைத்தான் சகிக்க முடியவில்லை. வசந்தம் ஒளிவழியில் 2010-இல் வந்த 'வேட்டை' போலீஸ் தொடரைப் பார்த்த குடும்பங்கள் அதை இன்னும் பேசுகின்றன. நம் ஊர்த் தெரு, நம் ஊர்ப் பேச்சு. அப்படிப்பட்ட தொடரைப் பார்த்தால் நிலையத்துக்கு இரண்டு வரி எழுதிப் பாராட்டுங்கள். பாராட்டு வராத இடத்தில் நல்லது தொடராது.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 72, ஒரு குடும்பத் தலைவர்: காசு செலவில்லாமல் மேடை நிகழ்ச்சி?

எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி வரும் கலா உற்சவம். இலவச நிகழ்ச்சிகள் உண்டு. நாடகம் என்றால் ரவீந்திரன் நாடகக் குழுவின் 'பத்தே நிமிடம்' குறுநாடகங்களைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு நாடகம்! குழந்தை சிணுங்கத் தொடங்குமுன் திரை விழுந்துவிடும். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, 2007 முதல் வளர்தமிழ் இயக்கம் நடத்துகிறது. அந்த மாதம் எந்த வார இறுதியிலும் வீட்டில் உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பமாட்டேன்.

லோயாங், ஒரு பள்ளிப் பெண்: எழுதியதை யாரிடம் காட்டுவது?

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களத்துக்குப் போ. மாணவர்களும் எழுதலாம். பெரியவர்கள் திருத்துவார்கள், திட்டமாட்டார்கள். கழகம் 1976-இலிருந்து இருக்கிறது, உன்னைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. வளர்ந்ததும் தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது காத்திருக்கிறது. 1993-இலிருந்து நான்கு மொழியிலும் நடக்கிற போட்டி. தமிழுக்கென்று ஓர் இடம் எப்போதும் உண்டு. அதை யாராவது நிரப்பத்தான் வேண்டும். நீயே நிரப்பு.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 13, ஒரு கணவர்: மனைவிக்கு ரமணிசந்திரன், எனக்கு ராஜேஷ்குமார். வீட்டில் ஒற்றுமை இல்லை.

மாற்றிப் படியுங்கள். ஒரு வாரம் நீங்கள் காதலியுங்கள், அவர் கொலைகாரனைக் கண்டுபிடிக்கட்டும்.

பாசிர் ரிஸ் டிரைவ் 3, ஒரு தாத்தா: மழை நாளில், மின்சாரம் போனால்?

தாயம், பல்லாங்குழி. புளியங்கொட்டை தேக்காவில் கிடைக்கும். பாட்டியிடம் தோற்றுப்போவது பிள்ளைகளுக்கு மிக நல்ல பயிற்சி.

பாசிர் ரிஸ் டிரைவ் 8, ஓர் அம்மா: ஞாயிறு மாலை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே கதை சொல்லலாமா?

அதற்கென்றே செய்த இடம் அது. சதுப்புநிலக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை போகிறது. பறவை பார்க்கும் கோபுரம் இருக்கிறது. சேவல்கள் சுதந்திரமாகத் திரிகின்றன, இருவாச்சியும் கண்ணில் படும். ஒரு சேவலைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள், பிறகு பிள்ளை சொல்வதை மட்டும் கேளுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். உணவங்காடியில் சோறு பொட்டலம் கட்டுகிற மாதிரி ஒரு கதையையும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

பாசிர் ரிஸ் ஸ்திரீட் 21, தொடக்கநிலை 3 மாணவி: மாமா, எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். எந்தப் புத்தகம் எடுக்கட்டும்?

கண்ணு, உன் கேள்விதான் இந்த வாரத்தின் நல்ல கேள்வி. நான்காம் மாடிக்குப் போ. தமிழ்ச் சிறுவர் அலமாரி எது என்று நூலகத்து அக்காவிடம் கேள். எந்த அட்டை உன்னைப் பார்த்துச் சிரிக்கிறதோ அதை எடு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசி. தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருஷத்துக்கு வை, வேறொன்றை எடு. ஓரிரண்டு விரல்தான் மடங்கியது என்றால் அது உன் புத்தகம்.

வீட்டுக்குப் போனதும் முதல் பக்கத்தை அப்பாவுக்கோ பாட்டிக்கோ சத்தமாக வாசித்துக் காட்டு. அவசரம் வேண்டாம். திருப்பிக் கொடுக்க 21 நாள் இருக்கிறது.